மூலையில் எழுதிய எண்

ரப்பர் உடுப்பு பெட்டிக்குள் அடங்க மறுத்தது. பூட்ஸும் கால்சட்டையும் ஒன்றாகச் சேர்ந்து மார்பு வரை ஏறுகிற உடுப்பு. ஆம்ப்ரோஸ் அதைப் போட்டுக்கொண்டுதான் ஆற்றில் இறங்குவார். டெல்ஃபின் முழங்காலால் அதை அழுத்தி அட்டைப்பெட்டியில் திணித்தாள். ஒரு பூட்ஸ் மறுபடியும் வெளியே நீட்டிக்கொண்டது. அதன் தலையில் ஒரு குத்து விட்டாள். அடுப்படியில் ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எண்ணெயைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆம்ப்ரோஸைப் புதைத்து அன்று நான்காம் நாள். ஊர் வழக்கப்படி நண்பகலில் அவருடைய பொருட்களையும் அவருக்குப் பிடித்த சாப்பாட்டையும் நெருப்பில் இட்டு அவரிடம் அனுப்ப வேண்டும். ஊரில் அந்த வேலையைச் செய்பவள் ஐரீன். அவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவருடைய தட்டில் சால்மன் இருக்க வேண்டும்.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஆம்ப்ரோஸின் தம்பி வில்ஃபிரட் உள்ளே வந்தான். கையில் பிளாஸ்டிக் பை.

"அண்ணி, கோபப்படாதீங்க."

"நீ இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"அதான் முதல்லயே சொல்லிடறேன்."

பையிலிருந்து சூப்பர் மார்க்கெட் தட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். கண்ணாடித்தாளுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு துண்டு மீன். 'பண்ணையில் வளர்த்தது' என்று மேலே ஒட்டியிருந்தது.

டெல்ஃபின் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆயுசு முழுக்க ஆத்து மீனை எண்ணின மனுஷனுக்கு, கூண்டுல தீனி போட்டு வளர்த்ததை அனுப்பணுமா? இதை வாயில வெச்சா உங்க அண்ணன் எழுந்து வந்துடுவார்."

"வந்தா நல்லதுதானே அண்ணி."

அடுப்படியில் யாரோ சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்போடே மூக்கை உறிஞ்சினார்கள். வில்ஃபிரட் தொப்பியைக் கழற்றி முட்டியில் தட்டினான். மீன்பிடிக்க ஆறு மூடியிருக்கிறது, அதிகாரி படகைக் கட்டிக்கொண்டு கடல்முகத்திலேயே நிற்கிறான், ஒரு மீன், ஒரே ஒரு மீன், அண்ணன் தட்டுக்கு என்று கேட்டதற்கும் எழுதிக் கொடுங்கள் மேலே அனுப்புகிறேன் என்றான் என்று வில்ஃபிரட் சொல்லிக்கொண்டே போனான். டெல்ஃபின் அதைக் காதில் வாங்கவில்லை.

ஆற்றை மீன்பிடிக்கத் திறப்பதும் மூடுவதும் நகரத்து மீன்வள அலுவலகம். அங்கே கணினியில் ஒரு கணக்கு ஓடுகிறது. மாடல் என்பார்கள். இந்த வருஷம் ஓடைகளில் ஏறி முட்டையிட்ட மீன் எத்தனை என்று அதற்குச் சொன்னால் போதும். மூன்று வருஷம் கழித்து எத்தனை திரும்பும், அதில் கடல்முகத்துப் பெரிய படகுகள் எத்தனை பிடிக்கலாம், ஊர் எத்தனை பிடிக்கலாம், கோடை முடிவில் மேல் ஏரியின் மதகை எவ்வளவு தூக்கினால் மீனுக்குத் தண்ணீர் போதும் என்று அது சொல்லிவிடும். அந்த 'எத்தனை'யை இருபத்தாறு வருஷம் அதற்குக் கொடுத்தவர் ஆம்ப்ரோஸ். இலையுதிர் காலம் முழுக்க ஒன்பது ஓடைகளிலும் மடு மடுவாக நடப்பார். அவர் தண்ணீரில் நின்று சொல்வார். டெல்ஃபின் கரையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதுவாள். அலுவலகத்துப் பட்டியலில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் கடல்முகத்தில் வேலி கட்டிக் கேமரா வைத்தார்கள். பத்து மீன் வரும் என்று மாடல் சொன்ன இடத்தில் கேமரா ஆறு மீனைத்தான் கண்டது. உடனே ஆற்றில் மீன்பிடிப்பதை நிறுத்தி மூடிவிட்டார்கள். போன ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பல வருஷமாக இல்லாத மீனை இருப்பதாக நம்பிப் பிடிக்க விட்டுவிட்டோம் என்றது. காரணத்துக்கு ஒரே வரி: 'ஓடை நடந்தவரின் எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல.'

ஆம்ப்ரோஸுக்கு அப்போதே கணையத்தில் நோய் முற்றியிருந்தது. அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு நான்காக மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தார். "படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும்" என்றார். ஒரு தட்டையாவது தூக்கி எறியமாட்டாரா என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். எறியவில்லை. அவர் படாத கோபத்தையும் அவளே பட வேண்டியிருந்தது. பிங்கோ ஆடுகிற கூடத்தில், ஆம்ப்ரோஸ் எண்ணின மீனில் எனக்கு ரெண்டு கொடு என்று ஒருவன் கேட்டான். ஒரு நாள் அவர்களுடைய டிரக்கின் கண்ணாடித் துடைப்பானில் காலி மத்தி மீன் டப்பாவைச் செருகி, 'இதையும் எண்ணிக்கோ' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதையும் அவர் பேசாமல் எடுத்துக் குப்பையில் போட்டார்.

கதவு மறுபடி தட்டப்பட்டது. டெல்ஃபின்தான் திறந்தாள்.

மழைச்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு டோனட் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மார்னி படியில் நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஐந்து வருஷமாக மாடல் அவள் கையில்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க் கூடத்தில் படம் போட்டு விளக்க வருவாள்.

"இடம் தப்பி வந்துட்டியா?"

"இல்ல, டெல்ஃபின். வருத்தம் சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லிட்டல்ல."

டெல்ஃபின் கதவைச் சாத்தப் போனாள். மார்னி காலை வைத்துத் தடுக்கவில்லை, நகரவும் இல்லை. ஓடைகளில் எழுதிய புத்தகங்களையும் இன்று எரிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான் இன்றே வந்தேன் என்றாள். திங்கட்கிழமை அலுவலகத்தில் கூட்டம் இருக்கிறது. ஆம்ப்ரோஸின் எண்ணிக்கை ஏன் தப்பாகப் போனது என்று யாருக்கும் புரியவில்லை. புரியாததால் இருபத்தாறு வருஷத்தையும் மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, கேமராவின் மூன்று வருஷத்தை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

"போட்டா என்ன ஆகும்?" என்று பின்னாலிருந்து வில்ஃபிரட் கேட்டான்.

"இந்த ஆறு எப்பவுமே இவ்வளவு சின்ன ஆறுதான்னு மாடல் நினைச்சுக்கும். இருக்கிற கொஞ்சத்தையே நிறையன்னு சொல்லும். அப்புறம் மதகையும் கொஞ்சமாத்தான் தூக்குவாங்க. மிச்சத் தண்ணி காகித ஆலைக்குப் போகும்."

"அப்ப எங்க அண்ணன் ஆத்துல நடக்கவே இல்ல. அப்படித்தானே?"

மார்னி டோனட் பெட்டியைப் பார்த்தாள்.

"அந்த வரியை எழுதினது யாரு?" என்றாள் டெல்ஃபின்.

"நான்தான்."

அவள் மழுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிடித்து இழுக்க ஒரு நுனியாவது கிடைத்திருக்கும். இப்படி ஒத்துக்கொண்டு நிற்பவளை என்ன செய்வது என்று தெரியாமல் டெல்ஃபினுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"என்ன தப்பு கண்டுபிடிச்ச அவர்கிட்ட? சொல்லேன். அவர்கிட்டதான் சொல்லல, என்கிட்டயாவது சொல்லு."

"அவர் மட்டும்னு இல்ல. யார் நடந்தாலும் எல்லா மீனும் கண்ணுல படாது. ஒரு வருஷம் ஒரு ஓடைக்கு வேலி கட்டி, கல்லூரிப் பசங்களை நடக்க விட்டுப் பார்த்தாங்க. பத்துல ஆறுக்குக் கொஞ்சம் மேலதான் கண்ணுல பட்டுது. அதனால எண்ணி வர்ற நம்பரை ஒண்ணு புள்ளி ஆறால பெருக்கித்தான் மாடல்ல போடுவோம். அவரோடதைப் பெருக்கினா மட்டும் எங்கேயோ போயிடுது. அது ஏன்னுதான்…"

"எப்பத்திலேருந்து பெருக்கறீங்க?"

"ஆரம்பத்திலேருந்தே."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

டெல்ஃபின் கதவின் பிடியை விட்டாள்.

அவள் கண்முன் மூன்றாவது ஓடையின் ஒரு மடு வந்தது. வெள்ளத்தில் விழுந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சிக்கி, அடியில் இருட்டாகத் தண்ணீர் தேங்கும் இடம். கோஹோ வகை சால்மனுக்கு அப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும். ஆம்ப்ரோஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "நாப்பத்தொண்ணு" என்பார். அவள் எழுதுவாள். அவர் நகரமாட்டார். ஒரு சிகரெட் புகைக்கிற நேரம் மரங்களின் அடியையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "உள்ள இருக்காங்க. அறுபத்தஞ்சுன்னு எழுது" என்பார். மீன்களை அவர் அப்படித்தான் சொல்வார், வந்தாங்க, போனாங்க என்று. அவள் குறிப்புப் புத்தகத்தின் கட்டத்துக்குள் அறுபத்தைந்து எழுதுவாள். கண்ணால் பார்த்த நாற்பத்தொன்றை அழிக்க அவளுக்கு மனம் வராது. கட்டத்தின் மூலையில் கடுகளவு எழுத்தில் அதுவும் இருக்கும். வீட்டுக்கு வந்து அலுவலகத் தாளில் பெயர்த்து எழுதும்போது ஆம்ப்ரோஸ் பெரிய எண்ணை மட்டும் எழுதுவார். ஓடையில் எத்தனை இருக்கிறது என்று தாளில் கேட்டிருந்தார்கள். இருப்பதைச் சொன்னார். அதன்மேல் இன்னொரு முறை பெருக்குவார்கள் என்று அவர் எதற்காக நினைக்கப்போகிறார்?

அவளும் நினைக்கவில்லை. இரண்டு எண்ணையும் அவள் கையாலேயே எழுதிவிட்டு, ஆகஸ்டிலிருந்து நகரத்தை வைதுகொண்டிருந்தாள்.

புத்தகங்கள் எரிந்தால் அவர் எண்ணத் தெரியாத ஆள். எரியாவிட்டால் பார்க்காத மீனை எழுதின ஆள். எப்படிப் போனாலும் அவர் தலையில்தான் விழும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்த மனுஷன், மரத்தடியில் இருப்பதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன் என்று, யாரிடமாவது. பேசினால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

"காலைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றாள் மார்னியிடம்.

பெட்டியைக் கவிழ்த்தாள். ரப்பர் உடுப்பு முதலில் விழுந்தது, அதன்மேல் மஞ்சள் அட்டை போட்ட, மழையில் நனையாத தாள் வைத்த புத்தகங்கள், இருபத்தாறு.

வில்ஃபிரட் குறுக்கே வந்தான். "அண்ணி, அது அண்ணனோட பொருள். அவர்கிட்ட போகணும். ஐரீன் அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"எழுத்து யாரோடது?"

அவன் ஒன்றைத் திறந்து பார்த்தான். அந்தச் சரிந்த எழுத்தில்தான் அவனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருஷா வருஷம் வரும்.

"அவர் வாயால சொன்னார். எழுதினவ நான். என் பொருளை நான் எரிக்கல."

ஐரீன் அடுப்பருகிலிருந்தே, "அவ எழுதினது அவளோடதுதான். இங்க ரொட்டி கருகுது, யாராவது பாருங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேஜையில் மாவுத் தட்டை நகர்த்தி மார்னிக்கு இடம் செய்தார்கள். அவள் முதல் புத்தகத்தின் நாலு பக்கம் புரட்டியதும் நிறுத்தினாள். "இந்த மூலையில இருக்கிற சின்ன நம்பர் என்ன?"

டெல்ஃபின் சொன்னாள். நின்றுகொண்டே, கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே, எதையும் மென்று விழுங்காமல் சொன்னாள். அடுப்படியில் எண்ணெய் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மார்னி செல்போனில் பெருக்கினாள். நாற்பத்தொன்று, அறுபத்தைந்து சொச்சம் ஆனது. கட்டத்தில் அறுபத்தைந்து. இருபத்திரண்டு, முப்பத்தைந்து. கட்டத்தில் முப்பத்தைந்து. பத்து, பதினாறு. கட்டத்திலும் பதினாறு. பிறகு ஒரு மடுவில் முப்பது, நாற்பத்தெட்டு ஆனது, கட்டத்திலோ ஐம்பத்திரண்டு எழுதியிருந்தது. அடுத்ததில் பதினெட்டுக்குப் பதினெட்டேதான்.

"இங்க ஏன் ரெண்டும் ஒண்ணா இருக்கு?"

"அது வெறும் கூழாங்கல்லு. முழங்கால் தண்ணி. ஒளிய இடம் ஏது? அதுக்கு முந்தினது பெரிய தேவதாரு வேர். அதுக்கு அடியில ஒரு வீடே இருக்கு."

மார்னி அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. "அவர் ஒரு தடவை சரி பண்ணிட்டார்" என்றாள் மெதுவாக. "எங்க பெருக்கலைவிட நல்லாவே பண்ணிட்டார். நாங்க அதுமேல மறுபடியும்…" கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழறதா இருந்தா கார்ல போய் அழு. இங்க வேலை இருக்கு."

மார்னி கையை எடுத்தாள்.

"அந்த வரியை என்ன பண்ணப் போற?"

"மாத்திடறேன்."

"எப்படின்னு வாயால சொல்லு. இப்பவே."

"ஓடை நடந்தவரின் எண்ணிக்கையை நாங்கள் பெருக்குகிறோம் என்பதை நாங்கள் அவரிடம்…"

"நாங்க நாங்கன்னு போடாத. நாங்கன்னா அது யாருமில்ல. இருபத்தாறு வருஷமா அந்த 'நாங்க'கிட்டதான் தாள் அனுப்பிட்டிருந்தோம்."

"நான் அவர்கிட்ட கேக்கல" என்றாள் மார்னி.

"அது. அதைப் போடு. அப்புறம், ரெண்டு நம்பரையும் எழுதினது யாருன்னு என் பேரையும் போடு. டெல்ஃபின் ஜோ. திட்டறவன் என்னையும் சேர்த்துத் திட்டட்டும்."

மார்னி பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாள். பெண்கள் அவள் தலைக்கு மேலாகவே தட்டுகளை வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். மீன் தட்டுக்கு என்ன செய்வது என்று ஐரீன் கேட்டபோது, டெல்ஃபின் உக்கிராண அலமாரியில் தலையை விட்டு, மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தாள். ஆறு மூடுவதற்கு முந்தின வருஷம் ஆற்று சால்மனை அவித்து அடைத்தது. கடைசி ஜாடி. நோயில் நாக்கு செத்துப் போயிருந்த நாட்களிலும் ஆம்ப்ரோஸ் அதைத் திறக்க விடவில்லை, பிறகு பார்க்கலாம் என்றார். மூடி 'டப்' என்று விட்டது. வாசனை வந்ததும் வில்ஃபிரட் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். பாதி அவருடைய தட்டுக்குப் போனது. மீதியை ரொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். மார்னிக்கும் ஒரு விள்ளல் வந்தது. யார் கொடுத்தது என்று டெல்ஃபின் பார்க்கவில்லை. சூப்பர் மார்க்கெட் மீன் நாய்க்குப் போனது. நாய் முகர்ந்துவிட்டு, பிறகு தின்றது.

நண்பகலில் வில்ஃபிரட் பெட்டிகளைத் தூக்கினான். கடைசிப் பெட்டியிலிருந்து டெல்ஃபின் ரப்பர் உடுப்பை உருவினாள்.

"அண்ணி, இதையுமா? அங்க ஆறு இருந்தா அவர் என்ன பண்ணுவார்?"

"கால் நனையட்டும். இத்தனை வருஷம் கரையில என் கால்தான் நனைஞ்சது. எனக்கு யாரு உடுப்பு குடுத்தா?"

ஊர்க் கூடத்துக்குப் பின்னால், மழைக்குத் தார்ப்பாய் கட்டிய இடத்தில் நெருப்பு நன்றாகவே பிடித்தது. கட்டம் போட்ட சட்டைகள் போயின, தொப்பி போனது, தட்டு போனது. ஐரீன் அவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டெல்ஃபினையும் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்தால் வசவுதான் வரும் என்று தோன்றியதால் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலையும்போது மணி இரண்டு இருக்கும். மார்னி காரின் கதவைத் திறந்திருந்தாள். டெல்ஃபின் தோளில் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் மூணாவது ஓடையை யாரும் நடக்கல" என்றாள். "எழுதுவியா?"

மார்னி எழுதுவதாகச் சொன்னாள்.

ஓடைக்கரையில் செத்த மீன்கள் கிடந்தன. முட்டையிட்டு முடித்தவை, கண்களை ஏற்கெனவே காக்கைகள் எடுத்திருந்தன. அந்த நாற்றத்தை டெல்ஃபின் மூக்கு நிறைய இழுத்தாள். உடுப்பு அவளுக்கு இரண்டு பங்கு பெரிது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் தண்ணீரில் இறங்குவது இதுவே முதல் தடவை. இழுப்பு இவ்வளவு இருக்கும் என்று அவர் சொன்னதே இல்லை. அதையும் சொல்லவில்லை. இடது காலில் எங்கோ ஓட்டை. குளிர்ந்த நீர் மெல்ல ஏறியது.

மரங்கள் சிக்கிய மடு வரை போனாள். நின்றாள். கல்லோடு கல்லாக, தலையை நீரோட்டத்துக்குக் கொடுத்துச் சிவந்த முதுகுகள் அசைந்தன. இரண்டு முறை எண்ணினாள்.

"ஏழு."

கரையில் மார்னி மூலையில் சின்னதாக எழுதினாள். பென்சிலைக் கட்டத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, "இருக்கிறது எத்தனை?" என்று கேட்டாள்.

டெல்ஃபின் மரங்களின் அடியைப் பார்த்தாள். அவர் பார்த்த இடத்தையே பார்த்தாள், அவர் நின்ற நேரம் நின்றாள். இருட்டாக இருந்தது. தண்ணீர் மரத்தில் மோதித் திரும்பிற்று.

மழை வலுத்தது. மார்னி புத்தகத்தைக் குனிந்து மறைத்தபடி, பென்சிலை எடுக்காமல் காத்திருந்தாள். மரத்தடியிலிருந்து ஏதோ ஒன்று வந்து டெல்ஃபினின் பூட்ஸில் உரசிக்கொண்டு, திரும்பவும் உள்ளே போனது.